புரட்டாசிச் சனிக்கு இரண்டு சமையல்

"சோத்திலேயே உப்பும் புளியும் போட்டாச்செண்டால், பிறகு கறி என்னத்துக்குப் பிள்ளை?"

கல்யாணமாகி டொரன்டோவுக்கு வந்த முதல் புரட்டாசியில் மாமி என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் புளிச்சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் எள்ளுச் சாதமும் தாம்பாளங்களில் ஆறிக்கொண்டிருந்தன. மாமி கேலியாகக் கேட்கவில்லை. இத்தனை வகைச் சோறு இருந்தும், குழைத்துச் சாப்பிட ஒரு கறிகூட இல்லையே என்ற திகைப்புதான் அது. எனக்கோ அதற்கு நேர்மாறான திகைப்பு. விரத நாளும் அதுவுமாக ஏழு கறி வைத்துவிட்டு, நடுவில் ஒன்றும் கலக்காத வெறுஞ்சோறா?

கரூர்ப் பக்கத்து என் அம்மா வீட்டுச் சமையலுக்கும் யாழ்ப்பாணத்து மாமியின் சமையலுக்கும் உள்ள வித்தியாசத்தின் வேர் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் புரட்டாசிச் சனி முக்கியம். இரண்டிலும் அன்றைக்கு மீன், இறைச்சி, முட்டை கிடையாது. ஆனால் எந்த வேலையை எந்தக் கிழமையில் செய்வது, எது முதலில் அடுப்பேற வேண்டும், யாருக்கு முதல் பிடி என்று கேட்டால் இரண்டு வீட்டின் பதிலும் வேறு வேறு. பல வருடமாக ஒரே அடுப்படியில் இரண்டையும் செய்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும். நம் பழைய ஆறு பருவக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசி, கார்த்திகைதான் கூதிர். கனடாவில் இதே மாதத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும். வீட்டுக்குள் ஹீட்டர் போட வேண்டியிருக்கும். இங்கே அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றியறிதல் நாள், அரசு விடுமுறை. அதற்கு முந்திய சனிக்கிழமை அக்டோபர் 6-க்கும் 12-க்கும் இடையில்தான் வர முடியும் என்பதால், அது எப்போதும் புரட்டாசிச் சனியாகவே இருக்கும். 2024-இல் அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 11. இரண்டுமே நான்காம் சனி. ஊரெல்லாம் வான்கோழி வாங்கும் அந்த நீண்ட வார இறுதியில் எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் எள்ளும் தேங்காயும் வாங்குவோம்.

சாமியிலிருந்து தொடங்குகிறேன், சமையல் பிரிவது அங்கேதான்.

எங்கள் ஊரில் புரட்டாசி பெருமாள் மாதம். கரூரை ஒட்டிய தான்தோன்றிமலையில் குடைவரைக் கோயிலில் இருக்கும் கல்யாண வெங்கட்ரமணரைப் பார்க்க அந்த மாதம் முழுக்கக் கூட்டம் போகும். வீட்டில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்து தளிகை போடுவோம்; எங்களுக்கு அது மூன்றாம் சனி. யாழ்ப்பாணத்தில் அதே சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு உரியது. கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து திரியாக்கி, மண் சிட்டியில் நல்லெண்ணெய் விட்டுக் கோயிலில் ஏற்றுவார்கள். எள்ளெண்ணெய் எரிக்கிறது என்பது அதற்குப் பெயர். சனி பிறந்ததே புரட்டாசியின் முதல் சனிக்கிழமைதான் என்று மாமி சொல்வார். இந்தியாவிலும் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு உண்டுதான், காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் பார்க்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனி என்றால் சனியின் பெயர் வாயிலேயே வராது. "பெருமாளைக் கும்பிட்டா சனி ஒண்ணும் பண்ணமாட்டான்" என்பதோடு அம்மாயி, என் அம்மாவின் அம்மா, நிறுத்திக்கொள்வார்.

ஒருவருக்குப் படைத்துக் கொண்டாடுவது ஒன்று. இன்னொருவரின் பார்வையைப் பொறுத்துக்கொள்ள நோன்பிருப்பது இன்னொன்று. முதலாவதில் சோறு காணிக்கை. இரண்டாவதில் சோறு, காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிற்றுக்கு வரும் ஒருவேளைச் சாப்பாடு. கிடைக்கிற காய், பிடிக்கிற ருசி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நல்லெண்ணெய் போத்தலில்தான் இதை முதலில் கண்டேன். புளிக்காய்ச்சலுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த ஒரு லிட்டரில் பாதியைச் சனிக்கிழமை காலை மாமி கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார். நான் வறுத்துப் பொடிக்க வைத்திருந்த கறுப்பு எள்ளிலும் ஒரு பிடி குறைந்திருந்தது. எனக்கு அது சாதத்தில் பிசையும் பொருள். மாமிக்கு விளக்கில் எரியும் பொருள். எள்ளைத் தின்பதில் அவருக்குத் தடையில்லை. வறுத்த எள்ளைச் சர்க்கரையோடு இடித்துப் பிடிக்கும் எள்ளுப்பாகு அவர் கையில் அருமையாக வரும். ஆனால் அதற்கு நாள் வேறு. இப்போது இரண்டு போத்தல் வாங்குகிறோம்.

அடுத்தது நேரக் கணக்கு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அம்மா வீட்டுத் தளிகைச் சமையலில் முக்கால்வாசி சனிக்கிழமைக்கு முன்பே முடிந்துவிடும். வியாழனன்று சாமான் வாங்குவது. வெள்ளி இரவு புளிக்காய்ச்சல்: ஆரஞ்சுப் பழ அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க விட வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். இன்னொரு அடுப்பில் எள்ளுப்பொடிக்கும் வெந்தயம் மல்லிக்கும் வறுப்பு. படுக்கப் போகுமுன் கொண்டைக்கடலையை ஊறப் போட வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் சோறு வடித்து, தாம்பாளங்களில் பரப்பி, எண்ணெய் விட்டு ஆறவைத்து, அவற்றில் முதல் நாள் செய்ததைக் கலப்பதுதான் வேலை. வடையும் சர்க்கரைப் பொங்கலும் மட்டும் அன்றைக்கே செய்ய வேண்டியவை. பத்து மணிக்கு இலை போட்டு, துளசித் தீர்த்தம் வைத்து, "கோவிந்தா" சொல்லிவிடலாம்.

மாமியின் கணக்கு தலைகீழ். வெள்ளியன்று சந்தைக்குப் போவதோடு சரி. சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய் வந்து, ஒரு தேத்தண்ணியோடு ஒன்பது மணிக்கு மேல் குசினிக்குள் நுழைவார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பயத்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை, சொதி, அப்பளம், மோர் மிளகாய். எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பகல் பன்னிரண்டரைக்கு இலை விழும். நான் ஒரு வருடம், நல்லது செய்வதாக நினைத்து, தேங்காய்ப்பாலை வெள்ளி இரவே பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே கொழுப்பு கட்டியாக உறைந்து, அடியில் தண்ணீர் நின்றது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்துக் கீரைக்குள் ஊற்றிவிட்டு, சொதிக்கு வேறு தேங்காய் எடுத்தார்.

ஏன் இப்படி? புளிக்காய்ச்சலில் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன, தண்ணீர் வற்றிவிட்டது. கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு நாள் ஊறினால் ருசி கூடும். தேங்காய்ப்பாலோ பிழிந்த நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே போகும் பொருள். நம் ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இரவில் பாலும் பழமும் என்று முடிக்கிற விரதத்துக்கு அது பொருத்தமான சமையல்: மத்தியானம் வைத்து, மத்தியானமே தீர்ப்பது. எங்கள் தளிகையோ பக்கத்து வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பொட்டலமாகப் போக வேண்டியது. ராத்திரி வரைக்கும், சில சமயம் மறுநாள் காலை வரைக்கும் நிற்க வேண்டியது. படைத்துப் பங்கிடுகிற சோற்றுக்குள்ளேயே ருசி இருந்தாக வேண்டும். யார் வீட்டுக்கோ போகிற பொட்டலத்தோடு ஏழு கறி போக முடியாது. மாமியின் கேள்விக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

சொதி வைப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் மாமியின் அவசரம் புரியும். இங்கே உறைய வைத்த தேங்காய்த் துருவல்தான் கிடைக்கும். அதை வெளியே எடுத்து வைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு, முதற்பாலைத் தனியே பிழிந்து வைப்பார். மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிவது கப்பிப் பால். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வேகுவது கப்பிப் பாலில். அது வெந்த பிறகு அடுப்பைத் தணித்து முதற்பாலை விடுவார். அந்த நேரம் அவர் யாரிடமும் பேசமாட்டார். அகப்பையால் அள்ளி அள்ளி மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார். ஓரத்தில் ஆவி எழும்பி, கொதி வரப்போகிற தருணத்தில் சட்டி இறங்கிவிடும். கொதித்தால் பால் திரிந்துவிடும். தேசிக்காய்ப் புளி விடுவதும் இறக்கிச் சற்று ஆறிய பிறகுதான். டின்னில் வரும் தேங்காய்ப்பால் கொதித்தாலும் சுலபத்தில் திரியாது. ஆனால் அதில் வைத்த சொதி நாக்கில் கூழ் மாதிரிப் படிகிறது என்பது மாமியின் தீர்ப்பு. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இத்தனை நுணுக்கம் கேட்பது மாவிளக்கு. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். முழுக்கக் காயக் கூடாது. ஈரம் இருக்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலித்து, வெல்லமும் ஏலக்காயும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கட்டைவிரலால் குழி அமுக்கி, நெய் விட்டுத் திரி போடுவது. கரூரில் அம்மாவுக்கு அரை மணி நேரத்தில் கிடைக்கும் பதம், ஹீட்டர் ஓடும் இந்த வீட்டில் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. காய்ந்த மாவு எத்தனை நெய் விட்டாலும் பிடிபடாது. விளக்கு எரியும்போதே விளிம்பில் வெடிக்கும். இப்போது துணியை லேசாக நனைத்துப் பிழிந்துதான் அரிசியைப் பரப்புகிறேன். திரி தானாக அணைந்து விளக்கு மலையேறிய பிறகு, நெய் ஊறிய நடுப்பகுதியைக் கிள்ளி வாயில் போட்டால் லேசாகக் கருகிய வாசனையோடு வெல்லம் கரையும். அந்த ருசிக்கு ஈடாக மாமி வீட்டுச் சமையலில் ஒன்றையும் நான் காணவில்லை.

நேரக் கணக்கில் எது மேல்? வேலைக்குப் போகிறவளாகச் சொன்னால் அம்மா வீட்டு வழிதான் ஏந்தல். வேலை மூன்று நாளில் பிரிந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் தயாராக இருப்பதைப் பார்த்து "சுலபமாக முடிச்சிட்டே" என்பவர்கள், அம்மா வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்குப் புளிச் சட்டியின் முன்னால் நின்றதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மாமியின் உழைப்பு எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதனால் பிள்ளைகள் தேங்காய் திருவவும் வெங்காயம் உரிக்கவும் வந்து உட்காருகிறார்கள். அம்மாவின் உழைப்பு வீடு தூங்கிய பிறகு நடந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாளும் எழுந்து போய்க் கிளறிக் கொடுத்ததில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வெங்காயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எங்களுக்குப் பெருமாள் படையலில் வெங்காயமும் பூண்டும் ஆகாது. மாமிக்குச் சின்ன வெங்காயம் இல்லாத சொதி கிடையாது. விரதத்துக்கு அது இடைஞ்சல் என்று அவர் நினைத்ததே இல்லை. படையல் முடிந்த பிறகே வெங்காயம் உரிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் ஒன்பதரைக்குத் தொடங்குவதால் அதுவும் பொருந்திப்போனது.

பெயர்களில் வந்த குழப்பம் அதைவிடப் பெரிது. அக்டோபரில் இங்கே எந்தக் கடை வாசலிலும் மஞ்சள் பூசணி குவிந்து கிடக்கும். "பூசணிக்காய் வாங்கி வா பிள்ளை" என்று மாமி சொன்னதும் நான் தேடிப் பிடித்து வெண்பூசணி வாங்கி வந்தேன். அது அவருக்கு நீற்றுப்பூசணி. அவர் கேட்டதோ எங்கள் ஊர் அரசாணிக்காய், சென்னைக்காரர்களுக்குப் பரங்கி. சர்க்கரையில் மட்டும் ஓர் ஒற்றுமை கண்டேன். வெள்ளையாக இருப்பது யாழ்ப்பாணத்தில் சீனி, எங்கள் கொங்குப் பேச்சில் அஸ்கா. சர்க்கரை என்றால் இரண்டு பக்கமும் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

காயைத் தேர்ந்தெடுப்பதிலும் மாமிக்குக் கண்டிப்பு உண்டு. ஹாலோவீனுக்கு முகம் செதுக்க வளர்க்கும் பெரிய பூசணியில் நாரும் தண்ணீரும்தான். பச்சைத் தோல் கபோச்சாதான் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும். அதைத் தோலோடு வெட்டி, வெந்தயமும் தேங்காய்ப்பாலும் விட்டு, ஓரம் குழைந்து நடு நிற்கும் பதத்தில் இறக்குவார். நான் அதையே வரமிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவலும் ஒரு துண்டு வெல்லமும் போட்டுப் பொரியலாக்குவேன். ஒரே காயில் பாதிப் பாதி. இந்த ஒன்றில் மாமியின் கைதான் மேல். என் பொரியலில் அரசாணியின் இனிப்பு மட்டும் தெரிகிறது. அவர் கறியில் வெந்தயக் கசப்பு அந்த இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது.

முதல் பிடி யாருக்கு என்பதில் வருகிறது காகம். எங்கள் வீட்டிலும் காக்காய்க்குச் சோறு வைப்போம். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். மாமி அப்படியல்ல. சனீஸ்வரனின் வாகனம் வந்து தொட்டால்தான் அவர் இலையில் கை வைப்பார். யாழ்ப்பாணத்தில் "கா, கா" என்று கூப்பிட்ட குரல் முடிவதற்குள் வேலியில் நாலு காகம் வந்து நிற்குமாம். இங்கத்தைக் காகம் உருவத்தில் பெரிது, ஆள் நிற்கும் இடத்துக்குக் கிட்ட வராது. ஒரு வருடம் காற்று பலமாக அடித்த ஒரு சனிக்கிழமை, பின்வாசல் மரத்தளத்தில் இலைத் துண்டில் சோறும் பருப்பும் எள்ளும் வைத்துவிட்டு, மாமி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றார். மேப்பிள் இலை பறந்து வந்து சோற்றின் மேல் விழுந்தது. அணில் வந்தது, துரத்தினார். பன்னிரண்டே முக்காலாயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. எழுபது வயதைத் தாண்டியவர், காலையிலிருந்து ஒரு தேத்தண்ணி மட்டும். "சாப்பிடுங்கோ மாமி" என்று நானும் அவர் பேச்சிலேயே கெஞ்சினேன். "அது வரும்" என்றார். ஒன்று இருபதுக்கு ஒரு காகம் வந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பறந்தது. மாமி கதவைத் திறந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சொதி ஆறிப்போயிருந்தது. சூடாக்க விடவில்லை, திரிந்துவிடுமாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது கோவிந்தா அரிசி. சொம்புக்கு நாமம் போட்டு, நெற்றியிலும் நாமமிட்டு, தம்பியைத் தெருவில் நாலைந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வாசலில் நின்று "கோவிந்தா" என்றால் ஒரு கைப்பிடி அரிசி விழும். வசதி உள்ளவர்களும் அன்றைக்குக் கையேந்தத்தான் வேண்டும். அந்த அரிசி சேராமல் பொங்கல் பொங்காது. மாமி காகத்துக்காகக் காத்திருக்கிறார். நாங்கள் தெருவுக்காகக் காத்திருந்தோம். இங்கே என் மகன் பக்கத்து மூன்று தமிழ் வீடுகளில் அரிசி கேட்டுப் போகிறான். மூன்றும் யாழ்ப்பாணத்து வீடுகள். முதல் வருடம் என்னவென்று விளங்காமலேயே கொடுத்தார்கள். இப்போது அவர்களே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வழியும் முற்றாகப் பிரிகிறது. எங்களுக்குப் புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. கறிக்கடைத் தெரு வெறிச்சோடும். நாமக்கல்லில் முட்டை விலை இறங்கிய செய்தி அநேகமாக வருடம் தவறாமல் பேப்பரில் வரும். அதனால் ஞாயிறு காலை மிச்சப் புளிச்சாதம், மத்தியானம் ஏதாவது ஒரு குழம்பு, அவ்வளவுதான். மாமிக்கு விரதம் சனிக்கிழமையோடு சரி. நவராத்திரி ஒன்பது நாள் குறுக்கே வந்தால் அது தனி. மற்றபடி ஞாயிறு வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள், வெளியே குளிர், ஆகவே கூழ்.

ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. அதன் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கசப்பு அதோடு போகும். பெரிய சட்டியில் அரிசி, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஒவ்வொன்றாக வேகும். பிறகு மீன் தலை, நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த ஒடியல் மாவும் கடைசியில். நான் வந்த முதல் வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று தயிர்சாதம் பிசைந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சட்டியைச் சுற்றி இருந்தார்கள்.

அடுத்த வருடம் கிழங்கு வெந்து முருங்கையிலை போட்டதும் மாமி என்னைக் கூப்பிட்டார். மீன் கிண்ணம் அவர் பக்கத்தில் மூடியபடி இருந்தது. சின்னச் சட்டி ஒன்றைக் கழுவி எடுத்துவரச் சொல்லி, பெரிய சட்டியிலிருந்து அடியோடு கலக்கி நாலு அகப்பை அள்ளி அதில் ஊற்றினார். ஒடியல் மாவில் ஒரு பங்கைத் தனியாகக் கரைத்து வைத்திருந்தார். அதற்குப் புளியும் தனிக் கோப்பையில். "உம்மடை மாசம் முடியுமட்டும் இது உமக்கு" என்று சொல்லிச் சின்னச் சட்டியைப் பின்னடுப்பில் ஏற்றிவிட்டு, பிறகுதான் மீன் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார்.